மண்ணீரலில் ஒரு புள்ளி

போன வருஷம் வைகாசியில் ஒரு நாள், ராத்திரி பத்து மணி இருக்கும். கோடியக்கரையிலிருந்து அத்தை வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஸ்கேன் ரிப்போர்ட். மங்கின வெளிச்சத்தில் கை நடுங்க எடுத்தது, பாதி எழுத்து தெரியவில்லை. அடுத்த நிமிஷமே போன்.

"மாமாவுக்கு மண்ணீரல்ல கட்டியாம்ப்பா. நீதான் இதெல்லாம் படிக்கிற ஆளாச்சே, என்னன்னு பாத்துச் சொல்லு."

நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்துக் குறிப்பு எடுத்து வைக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு வருஷம் மண்ணீரலைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன். யாருக்காவது இதே மாதிரி ஒரு படம் ராத்திரி பத்து மணிக்கு வந்தால் உதவும்.

மாமாவுக்கு கோடியக்காடு பக்கம் உப்பளத்தில் வேலை. முதுகுக்குக் கீழே சுருக்கென்று வலி, வெயில் நாளில் தண்ணி குடிக்காமல் நின்றால் வருமே அந்த வலி. கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எடுக்கப் போனார். கல் இருந்தது, வலது சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஸ்ப்ளீனில் 18 மில்லிமீட்டர் அளவில், ஓரம் தெளிவான, எக்கோஜெனிக் லீஷன். பக்கத்தில் ஹேமஞ்சியோமா என்று எழுதி ஒரு கேள்விக்குறி. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர் "மண்ணீரல்ல ஒரு கட்டி தெரியுது, பெரிய டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த 'கட்டி' என்கிற வார்த்தைதான் முதல் பிரச்சினை. வெல்லமும் கட்டி, சூட்டுக் கட்டியும் கட்டி, சீழ் பிடித்தாலும் கட்டி. ஆனால் ஸ்கேன் ரூம் வாசலில் கேட்கும்போது மட்டும் அதற்கு ஒரே அர்த்தம்தான் நம் காதில் விழுகிறது. ரிப்போர்ட்டில் இருந்த 'லீஷன்' என்ற சொல்லுக்கு அவ்வளவு கனமே கிடையாது. சுற்றியிருக்கிற சதையிலிருந்து ஏதோ ஓர் இடம் வித்தியாசமாகத் தெரிகிறது, அவ்வளவுதான் அதன் பொருள். அது நீர் கோத்த பையாக இருக்கலாம், பழைய காயத்தின் தழும்பாக இருக்கலாம், பிறவியிலேயே வந்த ரத்தக்குழாய் முடிச்சாகவும் இருக்கலாம்.

மண்ணீரல் என்றால் என்ன என்று அத்தைக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. "சுவரொட்டி தெரியும்ல?" என்றேன். ஆட்டுக்கறிக் கடையில் கேட்டு வாங்குவோமே, ரத்தம் ஊறும் என்று பிள்ளைத்தாய்ச்சிக்கும் சோகை பிடித்தவர்களுக்கும் சுட்டுக் கொடுப்பார்களே, அதேதான். அடுப்பில் போட்டதும் ரத்தமாகக் கசியும் பாருங்கள், அதுதான் அதன் குணம். ரத்தம் ஊறிய பஞ்சு. நமக்கு இடது பக்கம், 9-ஆம் விலா எலும்பிலிருந்து 11-ஆம் விலா எலும்பு வரை உள்ள மறைவில், ஒரு கைப்பிடி அளவில் உட்கார்ந்திருக்கிறது. நீளம் 12 சென்டிமீட்டருக்குள், எடை 150-லிருந்து 200 கிராம். கிழடான சிவப்பணுக்களைப் பிடித்து அழிப்பது, ரத்தத்தில் சுற்றும் கிருமிகளை வடிகட்டுவது, இரண்டும் அதன் வேலை. இப்படி முழுக்க ரத்தக்குழாயாக இருப்பதால் அதில் வருகிற சாதாரணக் கட்டிகளும் பெரும்பாலும் ரத்தக்குழாய்க் கட்டிகளாகவே இருக்கின்றன. ஹேமஞ்சியோமா என்பது அதுதான். மண்ணீரலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுவே.

எவ்வளவு அதிகம்? இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்த பழைய ஆய்வுகள் 0.03 சதவீதம் என்று தொடங்கி 14 சதவீதம் வரை சொல்கின்றன. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்றால், எவ்வளவு கவனமாகத் தேடுகிறோமோ அவ்வளவு கிடைக்கும் சமாச்சாரம் இது. தேடாதவரை யாருக்கும் இருப்பதே தெரியாது.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களின் மண்ணீரலை ஒரு காலத்தில் ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்கள் என்பது படிக்கும்போது கிடைத்த ஆச்சரியம். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அதே திட்டத்தில் வெட்டிய கல்லணைக் கால்வாயில், அதாவது நாம் புதாறு என்று சொல்வதில், பட்டுக்கோட்டைப் பக்கம் தண்ணீர் வந்தது. தண்ணீரோடு மலேரியாவும் வந்தது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல், ராமச்சந்திர ராவ் போன்றவர்களோடு 1930-களின் பிற்பாதியில் அங்கே முகாம் போட்டு ஆராய்ந்தார். ஒரு கிராமத்தில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்று அறிய அந்தக் காலத்து வழி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்ப்பது. எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் கையில் தட்டுப்படுகிறதோ அந்த விகிதம்தான் 'ஸ்ப்ளீன் ரேட்'. இந்த முறையை 1840-களில் வட இந்தியாவில் யமுனைக் கால்வாய்ப் பகுதியில் டெம்ப்ஸ்டர் என்ற டாக்டர் தொடங்கிவைத்தார். அங்கேயும் கால்வாய், இங்கேயும் கால்வாய்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று. விரலுக்கு எட்ட வேண்டுமென்றால் மண்ணீரல் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு வீங்கியிருக்க வேண்டும். உள்ளே ஒன்றரை இரண்டு சென்டிமீட்டரில் ஒரு புள்ளி இருந்தால் எந்த விரலுக்கும் தெரியாது. எக்ஸ்ரே வந்தும் பெரிய மாற்றம் இல்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934-லேயே வந்துவிட்டது. ஆனால் சாதா எக்ஸ்ரேயில் மண்ணீரல் ஒரு மங்கின நிழல்தான், சுண்ணாம்பு படிந்திருந்தால் மட்டும் உள்ளே ஏதாவது தெரியும். அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் பரவின பிறகுதான் இந்தப் புள்ளிகள் வெளியே வர ஆரம்பித்தன. மாமாவின் அப்பாவுக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம். எண்பது வயசு வரை வலை இழுத்துவிட்டு, அது இருப்பது தெரியாமலே போயிருப்பார்.

சரி, படத்துக்கு வருவோம். அல்ட்ராசவுண்டில் நல்ல மண்ணீரல் ஒரே சீராக, அரைத்த மாவு போல இருக்கும். ஒலி அலை எங்கே அதிகமாக மோதித் திரும்புகிறதோ அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அதைத்தான் எக்கோஜெனிக் என்கிறார்கள். ஹேமஞ்சியோமாவில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்ச் சுவர்கள் நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் வெள்ளைப் புள்ளி. ஓரம் தெளிவாக, சின்னதாக, வெள்ளையாக ஒன்று தெரிந்தால் ரேடியாலஜிஸ்ட்டின் மனசுக்கு முதலில் வருவது இதுதான்.

அப்புறம் ஏன் கேள்விக்குறி? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளானது. கல்லீரலில் இதே ஹேமஞ்சியோமா வந்தால் டாக்டர்கள் கேள்விக்குறி போடத் தேவையே இருக்காது பெரும்பாலும். மருந்து ஏற்றி சி.டி. எடுத்தால், கல்லீரல் ஹேமஞ்சியோமாவில் மருந்து முதலில் ஓரத்தில் திட்டுத் திட்டாக ஏறி, நிமிஷக் கணக்கில் மெதுவாக நடுவை நோக்கி நிரம்பும். குளத்தில் சுற்றிலும் மடை திறந்துவிட்ட மாதிரி. பார்த்தவுடனே பெயர் சொல்லிவிடலாம். எம்.ஆர்.ஐ.யில், டி2 என்ற வகைப் படத்தில், கருத்த கல்லீரலுக்கு நடுவே பல்பு எரிகிற மாதிரி பளிச்சென்று இருக்கும். மண்ணீரலில் இந்த இரண்டு அடையாளமும் சரியாகக் கிடைப்பதில்லை. சுற்றியிருக்கிற மண்ணீரலே ரத்தம் ஊறியது, டி2 படத்தில் அதுவே வெளிச்சமாக இருக்கிறது, பல்பு எரிந்தாலும் பகல் வெளிச்சத்தில் எரிவது போலத்தான். மருந்து ஏறும் விதமும் பல சமயம் அந்த ஓரத்திலிருந்து நடு என்கிற ஒழுங்கில் வராது, மொத்தமாக ஒரே நேரத்தில் ஏறிவிடும். ஒரே கட்டிதான், வீடு மாறினதும் முகம் மாறிவிடுகிறது.

போதாததற்கு அதன் பங்காளிகளும் அதே வீட்டில்தான் இருக்கின்றன. ஹமார்டோமா என்று ஒன்று, 1861-லேயே ரோகிடான்ஸ்கி எழுதிவைத்தது. மண்ணீரலின் சொந்தச் சதையே ஒழுங்கு தப்பி ஓர் இடத்தில் உருண்டையாகத் திரண்டிருக்கும். சுற்றியிருப்பதும் அதுவும் ஒரே சரக்கு என்பதால் மருந்து ஏற்றாத சி.டி.யில் கண்ணுக்கே தெரியாமல் போகும், ஓரம் கொஞ்சம் புடைத்திருந்தால்தான் சந்தேகம் வரும். மருந்து ஏற்றினால் மற்ற இடத்துக்கு முன்னும் பின்னுமாகத் திட்டுத் திட்டாக ஒளிரும். லிம்பாஞ்சியோமா நிணநீர்க் குழாய்களின் கட்டி. இது அதிகமும் குழந்தைகளிடம் காணப்படும். மண்ணீரலின் தோலுக்குக் கீழே திராட்சைக் குலை மாதிரி நீர்ப்பைகளாகத் தெரியும், அதில் மருந்து ஏறாது. சும்மா நீர்ப்பையாக இருந்தால் கவலையே இல்லை. சி.டி.யில் தண்ணீரின் அளவு எண் 0, மருந்து ஏற்றாத மண்ணீரலுக்கு 40-லிருந்து 60. ஒரு புள்ளியின் மேல் கர்சரை வைத்துப் பார்த்தாலே பையில் இருப்பது தண்ணியா சதையா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று 2004-இல்தான் தனிப் பெயர் பெற்றது. மார்ட்டெல், ரோசாய் முதலானவர்கள் 25 பேரின் கட்டிகளைச் சேர்த்து விவரித்தார்கள். 'சான்ட்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நடுவில் தழும்பு, அதிலிருந்து வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி கோடுகள். தழும்புச் சதை என்பதால் டி2-வில் இது கருப்பு, மருந்து ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே போகும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் தீங்கற்றது.

கடைசியாக, எனக்குப் பிடித்த பெயர் கொண்ட ஒன்று: லிட்டோரல் செல் ஆஞ்சியோமா. லிட்டோரல் என்றால் கரையோரம். மண்ணீரலுக்குள் ரத்தம் தேங்கி ஓடும் சின்னச் சின்ன ஓடைகள் உண்டு, அவற்றின் இரு கரையிலும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் செல்கள் இவை. அதனால் கரைச் செல்கள். 1991-இல் ஃபால்க் குழுவினர் 17 பேரிடம் பார்த்து இந்தக் கட்டிக்குப் பெயர் வைத்தார்கள். இது ஒற்றைப் புள்ளியாக வருவது குறைவு. பலதாக வரும், மண்ணீரலே பெருத்திருக்கும், ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். இந்தச் செல்கள் சிவப்பணுக்களை விழுங்கி இரும்பைச் சேர்த்துவைப்பதால் எம்.ஆர்.ஐ.யில் கருப்பாகத் தெரிவதும் உண்டு. பெரும்பாலும் சாதுதான் என்றாலும், இது இருக்கிறவர்கள் சிலருக்கு உடம்பில் வேறு இடத்தில் புற்றுநோய் இருந்திருக்கிறது என்பதால் இதைக் கண்டால் டாக்டர்கள் மற்ற உறுப்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறார்கள். கோடியக்கரைக்காரருக்குக் கரைச் செல் கட்டியா என்று நான் மாமாவிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அதற்குள் சி.டி. எடுத்திருந்தார்கள். எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாம். பிலிமைப் பெரிய கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு தனியார் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் கவரிலிருந்து கைக்கு வந்த முதல் பிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மண்ணீரல் முழுக்கப் பரவியிருக்கு போல. எடுத்துட்டா நிம்மதி" என்று சொல்லிவிட்டார். அத்தை அன்றைக்கு ராத்திரியே நகையை எடுத்துவைத்துவிட்டார்.

அந்தப் பிலிமின் போட்டோவை நானும் பார்த்தேன். நிஜமாகவே பயந்துவிட்டேன். மண்ணீரல் முழுக்க வரி வரியாக, கருப்பும் வெள்ளையுமாக. இரண்டு நாள் கழித்துத்தான் படிக்கும்போது விஷயம் பிடிபட்டது. கையில் மருந்து ஏற்றி 20, 30 விநாடிக்குள் எடுக்கிற படத்தில் எல்லா மனிதருக்கும் மண்ணீரல் இப்படித்தான் தெரியும். மண்ணீரலுக்குள் ரத்தம் இரண்டு வேகத்தில் போகிறது, ஒரு பகுதி நேர்வழியில், ஒரு பகுதி பஞ்சுக்குள் ஊறிச் சுற்றுவழியில். மருந்து முதலில் போய்ச் சேர்ந்த இடம் வெள்ளை, இன்னும் சேராத இடம் கருப்பு. ரேடியாலஜி புத்தகங்களில் இதற்கு வரிக்குதிரை மண்ணீரல் என்றே பெயர். ஒரு நிமிஷம் தாண்டி, 70 விநாடி வாக்கில் எடுத்த படத்தில் எல்லாம் சமமாகிவிடும். அந்த இரண்டாவது படத்தில் எது மிஞ்சி நிற்கிறதோ அதுதான் உண்மையான புள்ளி. நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்ட முதல் ஐந்து நிமிஷத்தில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பாதி வயல் காய்ந்துகிடக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"அத்தை, கவர்ல ரிப்போர்ட் பேப்பர் இருக்கா பாருங்க" என்றேன். இருந்தது. யாரும் பிரிக்கவே இல்லை, பின் அப்படியே இருந்தது. ரேடியாலஜிஸ்ட் சரியாகத்தான் எழுதியிருந்தார்: பிந்தைய படங்களில் மண்ணீரல் சீராக இருக்கிறது, 18 மில்லிமீட்டரில் ஒரே ஒரு புள்ளி, தீங்கற்றதாக இருக்க வாய்ப்பு அதிகம். பிலிமை விட அந்த ஒற்றைத் தாள்தான் முக்கியம். சி.டி.யில் நூற்றுக்கணக்கில் படங்கள் இருக்கும், பிலிமில் வருவது அதில் சிலதுதான். முடிந்தால் சி.டி. எடுக்கிற இடத்தில் தகட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் எல்லாப் படமும் இருக்கும், இன்னொரு டாக்டர் முழுசாகப் பார்க்கலாம்.

'எடுத்துட்டா நிம்மதி' என்கிற பேச்சுக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. 1961-இல் ஹுஸ்னி என்பவர் அதுவரை வெளியான மண்ணீரல் ஹேமஞ்சியோமா நோயாளிகளைத் தொகுத்து, நாலில் ஒருவருக்குக் கட்டி தானாக வெடித்து ரத்தம் கசிந்தது என்று எழுதினார். நாலில் ஒருவர் என்றால் யார்தான் உள்ளே விட்டுவைப்பார்கள்? ஆனால் 1961-இல் ஸ்கேன் கிடையாது. ஒருவருக்கு இந்தக் கட்டி இருப்பது தெரியவேண்டுமென்றால், ஒன்று அது வெடிக்க வேண்டும், அல்லது வயிறு புடைக்கும் அளவுக்கு வளர வேண்டும். சும்மா இருந்த கட்டிகள் கணக்கிலேயே வரவில்லை. கரை ஒதுங்கின படகுகளை மட்டும் எண்ணிவிட்டு, கடலுக்குப் போகிற படகில் நாலில் ஒன்று கவிழும் என்று சொல்கிற மாதிரியான கணக்கு. 2000-த்தில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் தங்களிடம் வந்த 32 பேரின் விவரத்தை வெளியிட்டபோது ஒருவருக்குக்கூடத் தானாக வெடித்திருக்கவில்லை. சின்னதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் விட்டுப் பார்க்கலாம் என்பது அவர்கள் முடிவு. ரொம்பப் பெரிதாக வளர்ந்தது, வலி தருவது, ரத்த அணுக்களைக் குறைப்பது, இவை வேறு கதை. அங்கே அறுவை நியாயம்தான்.

எடுத்துவிட்டால் இழப்பு ஒன்றும் இல்லையா? மண்ணீரல் இல்லாமல் வாழலாம் என்பது உண்மை. ஆனால் நிமோகாக்கஸ் மாதிரி உறை போர்த்திய கிருமிகளைப் பிடிக்கிற காவல்காரன் போய்விடுகிறான். மண்ணீரல் எடுத்த குழந்தைகளுக்குத் திடீரென்று கடுமையான ரத்தத் தொற்று வருவதை 1952-இல் கிங், ஷுமாக்கர் இருவரும் எழுதினார்கள். பிற்பாடு பெரியவர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு, ஆயுள் முழுக்க உண்டு என்று தெரிந்தது. காலையில் லேசான காய்ச்சல் என்று படுத்தவர் மறுநாள் உயிரோடு இல்லாமல் போகலாம். அதனால் முன்கூட்டியே தடுப்பூசிகள், காய்ச்சல் கண்டால் உடனே ஆண்டிபயாட்டிக், பக்கத்தில் ஆஸ்பத்திரி. கோடியக்கரையிலிருந்து வேதாரண்யத்துக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், தஞ்சாவூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். புயல் நாளில் அந்த ரோடு என்ன ஆகும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஓர் ஓரத்தில் சும்மா கிடக்கிற 18 மில்லிமீட்டருக்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டுமா என்பதுதான் எங்கள் வீட்டில் நடந்த சண்டை. அத்தை எடுத்துவிடலாம் என்ற கட்சி. மாமா உப்பு சீசன் முடியட்டும் என்ற கட்சி. நான் தஞ்சாவூரில் ஒரு ரேடியாலஜிஸ்ட்டிடம் தகட்டைக் காட்டுவோம் என்ற கட்சி.

அவர் தகட்டைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் மாமாவிடம் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பெரிய பாடம். காய்ச்சல் இருக்கா? எடை குறைஞ்சிருக்கா? ராத்திரியில வேர்த்துக் கொட்டுதா? முன்னாடி எப்பவாவது கேன்சர்னு வைத்தியம் பார்த்திருக்கீங்களா? சுகர் இருக்கா? சேத்துல எறங்கி வேலை செய்வீங்களா?

கடைசி இரண்டும் எதற்கு என்று வெளியே வந்து படித்தபோது புரிந்தது. மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிற ஒரு பாக்டீரியா மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தருகிறது. நெல் வயலில் வேலை செய்கிற, சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். தமிழ்நாட்டிலும் இருக்கிறது. அது மண்ணீரலில் சீழ்க் கட்டிகளை உண்டாக்கும். காசநோயும் சின்னச் சின்னதாகப் பல புள்ளிகளைத் தரும். நம் டெல்டாவில் காய்ச்சலோடு ஒருவருக்கு மண்ணீரலில் புள்ளிகள் தெரிந்தால், முதலில் தேட வேண்டியது தொற்றை. அப்படிப்பட்டவரை 'சாதாரணக் கட்டிதான், ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்று அனுப்பினால் அது பெரிய தப்பு. காய்ச்சல், எடைக் குறைவு, நெறி கட்டுதல் சேர்ந்து வந்தால் லிம்போமாவையும் நினைக்க வேண்டும். மண்ணீரலில் வருகிற புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அதுதான்.

ஆக, அந்தப் புள்ளியின் நிறத்தை விட அது யார் வயிற்றில் இருக்கிறது என்பது அதிகம் சொல்கிறது. இதற்கு ஒரு நல்ல கணக்கு உண்டு. 2018-இல் 'ரேடியாலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வு, சி.டி.யில் மண்ணீரல் கட்டி தெரிந்த 379 பேரைப் பின்தொடர்ந்தது. ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்கள் 145 பேர், அவர்களில் 49 பேருக்கு மண்ணீரலில் இருந்ததும் புற்றுநோய். காய்ச்சல், எடைக் குறைவு, வலி போன்ற அறிகுறியோடு வந்தவர்கள் 29 பேர், அதில் 8 பேருக்குப் புற்றுநோய். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்து, தற்செயலாகப் புள்ளி தெரிந்தவர்கள் 205 பேர். அதில் புற்றுநோய் 2 பேருக்கு. மாமா இந்த 205 பேர் கூட்டத்தில் நிற்கிறவர். இந்த ஒரு பத்தியை அத்தைக்கு மூன்று தடவை போனில் படித்துக் காட்டினேன். "அந்த ரெண்டு பேரு யாருப்பா?" என்று கேட்டார். எண்ணிக்கையால் பயத்தைத் துடைத்துவிடலாம் என்று நினைத்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிடலாமே என்றும் கேட்டார்கள். ரத்தப் பஞ்சில் ஊசியா என்று டாக்டர்களே ரொம்ப காலம் பயந்தார்கள். 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பெரிய சிக்கல் வந்தது சுமார் 2 சதவீதம் பேருக்கு, மெல்லிய ஊசியில் அதைவிடக் குறைவு. பயந்த அளவுக்கு இல்லைதான். ஆனால் அது சந்தேகம் பலமாக இருக்கிறவர்களுக்கு. 205 பேர் கூட்டத்துக்கு அது தேவையில்லை என்றார் ரேடியாலஜிஸ்ட். ஒரு எம்.ஆர்.ஐ. மட்டும் எடுக்கச் சொன்னார், அதிலும் ஹேமஞ்சியோமாவுக்கு ஒத்துப்போகிற மாதிரியே வந்தது. பிறகு அவர் கேட்டது: "பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கா?"

அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அடிநாதம் இதுதான். படத்திலேயே தீங்கற்றது என்று தெளிவாகத் தெரிந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு வருஷத்துக்கு முந்தைய படத்தில் இதே அளவில் இருந்திருந்தால் அப்போதும் ஒன்றும் வேண்டாம். சந்தேகமாக இருந்து, புற்றுநோய் வரலாறும் அறிகுறியும் இல்லை என்றால் 6 மாசத்தில் ஒன்று, 12 மாசத்தில் ஒன்று பார்த்தால் போதும். இருப்பதிலேயே நல்ல கருவி காலம்தான். புற்றுநோய் வளரும், இது அப்படியே கிடக்கும்.

மாமாவுக்குப் பழைய ஸ்கேன் இருந்தது. 2018 ஆரம்பத்தில் வயிற்று வலி என்று நாகப்பட்டினத்தில் எடுத்தது. அந்த வருஷம் நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. வீட்டு ஓடு பறந்து, பெட்டியெல்லாம் நனைந்து, ரேஷன் கார்டையும் பாஸ்புக்கையும் காயவைக்கிற அவசரத்தில் ஸ்கேன் கவரை யார் பார்த்தார்கள்? ஒட்டிப்போன பிலிமை அத்தையே குப்பையில் போட்டிருக்கிறார். எடுத்த இடத்திலும் அந்தப் பதிவு இல்லை. அது மட்டும் இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கிற வேலை. அது போனதால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டி வந்தது.

காத்திருந்தோம். சி.டி. வேண்டாம் என்றார் அவர். வயிற்று சி.டி. ஒன்றில் 8-லிருந்து 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, உலக சராசரியில் ஒரு மனிதன் ஒரு வருஷத்தில் இயற்கையாக வாங்குவதே 2.4. மாமாவின் புள்ளி அல்ட்ராசவுண்டிலேயே தெளிவாகத் தெரிகிறது, அதிலேயே அளந்துவிடலாம், செலவும் குறைவு. கார்த்திகையில், மழைக்கு உப்பளம் மூடியிருந்த நேரத்தில், முதல் தடவை போனோம். 19 மில்லிமீட்டர் என்று வந்தது.

அத்தை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "வளந்துருச்சுல்ல?" ஒரு மில்லிமீட்டர். மூச்சு இழுக்கும்போது மண்ணீரல் இறங்குகிறது, விடும்போது ஏறுகிறது. விலா எலும்பு இடுக்கில் கருவியைக் கொஞ்சம் சாய்த்தால் வெட்டுமுகம் மாறும். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தால்கூட ஓரிரு மில்லிமீட்டர் முன்பின் வரும். இதை ரேடியாலஜிஸ்ட் சொன்னார், நான் சொன்னேன், மாமாவே "உப்பு மூட்டை எடை போட்டா ஒரே மாரியா வருது?" என்று கேட்டார். அத்தை சமாதானம் ஆகவில்லை. அந்த ஆறு மாசமும் கோடியக்கரை ராமர் பாதத்துக்கு எத்தனை தடவை போனார் என்று எனக்குக் கணக்கில்லை.

இந்த வைகாசியில் இரண்டாவது தடவை. 18 மில்லிமீட்டர். ஓரம் தெளிவு, உருவம் மாறவில்லை, வேறு புள்ளி இல்லை. இனி இதற்காக வர வேண்டாம், வேறு தொந்தரவு வந்தால் மட்டும் வாங்க என்று சொல்லிவிட்டார். கேள்விக்குறி ரிப்போர்ட்டில் இன்னும் இருக்கிறது. அதை யாரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்று ரிப்போர்ட்டையும் எம்.ஆர்.ஐ. தகட்டையும் அத்தை கெட்டிப் பாலிதீன் பையில் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டி, ஆதார் கார்டு இருக்கிற டப்பாவில் வைத்திருக்கிறார். நானும் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மூன்று இடத்தில் சேமித்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது திருத்துறைப்பூண்டி தாண்டி பஸ்ஸில் மாமா மெதுவாகக் கேட்டார். "மாப்ள, அந்தக் கல்லு என்னாச்சு?"

வலது சிறுநீரகம், 4 மில்லிமீட்டர். ஒரு வருஷமாக அதைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. நான் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதுவும் அங்கேயேதான் இருந்தது.